வண்டியின் மூக்குக்குக் கீழே

நான் பயந்தவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக நாற்பதடி கண்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறேன். அத்தனை வருடமும் பயந்துகொண்டேதான் ஓட்டியிருக்கிறேன். ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு இறங்கினால் நாலடி போய்த் திரும்பி வந்து, மறுபடி ஏறி, அது போட்டபடி இருக்கிறதா என்று பார்ப்பேன். கண்டெய்னரை ட்ரெய்லரோடு பிடித்து வைக்கும் மூலைப் பூட்டுகளை யார்டிலேயே திருகியிருப்பேன். வெளியே வந்ததும் ஓரங்கட்டி இன்னொரு சுற்று சுற்றி வருவேன். டயரைக் கம்பியால் தட்டிப் பார்ப்பேன். சத்தம் சரியாகத்தான் வரும். சந்தேகம் மட்டும் போகாது.

கூட ஓட்டுகிறவர்கள் என் வண்டி வருவதைப் பார்த்தால், "சாமி ஊர்வலம் வருதுடா, வயி வுடு" என்பார்கள். எனக்குப் பின்னால் எப்போதும் பத்து வண்டி ஊர்ந்து வருமாம். வரட்டுமே. எண்ணூர் விரைவுச் சாலையில் நான் முப்பத்தைந்தைத் தாண்டுவதில்லை. அறுபதில் என்னை முந்திக்கொண்டு, காற்று ஹாரனை என் காதுக்குள்ளே ஊதிவிட்டுப் போனவன் எங்கே போகிறான்? எனக்கு முன்னால் துறைமுக வரிசையில் ஐந்தாவது வண்டியாக நிற்கிறான். நான் போய் அவனுக்குப் பின்னால் நிற்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே கேட்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வேகக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒருநாள் காட்டுப்பள்ளி பக்கம் ஒரு காலி மைதானத்தில் லோடோடு காத்திருக்கும்போது நானே அளந்து பார்த்தேன். ஒரு செங்கல்லை அடையாளம் வைத்து, இருபதில் வந்து கல்லருகே பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்ற இடம் வரைக்கும் நடந்தேன். ஒன்பது தப்படி. அடுத்து நாற்பதில் வந்து மிதித்தேன். நடந்தேன். இருபத்தெட்டு தப்படி. வேகம் இரண்டு மடங்கு, தூரம் மூன்று மடங்கு! நடந்ததில் தப்பு இருக்குமோ என்று திரும்பவும் நடந்தேன். அதே இருபத்தெட்டு. அறுபதில் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து என் முப்பத்தைந்தை யார் கிண்டல் பண்ணினாலும் எனக்கு உறைப்பதில்லை.

இப்படிப்பட்ட மனுஷனிடம் வந்து ஒரு சாயங்காலம் என் மனைவி, "நா ஸ்கூட்டி எடுக்கப்போறேன்" என்றாள்.

அவள் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் சமையல் வேலை பார்க்கிறாள். எட்டு வருடம் கரண்டி பிடித்தவளுக்கு அப்போதுதான் காலை ஷிப்ட் பொறுப்பு கொடுத்திருந்தார்கள். அரிசி எவ்வளவு போடுவது என்பதிலிருந்து யார் எந்த அடுப்பில் நிற்பது என்பது வரைக்கும் அவள் சொன்னால்தான் நடக்கும். ஆனால் ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி பஸ் கிடையாது. ஷேர் ஆட்டோ இருக்கிறது. அது நிறைந்தால்தான் கிளம்பும். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு வர ஆரம்பி, அதிலிருந்து ஒரு மாதம் பார்ப்போம், அதற்குள் நேரத்துக்கு வர முடியுமா முடியாதா என்று உறுதியாகச் சொல்லிவிடு, முடியாதென்றால் வேறு ஆளுக்குக் கொடுக்கிறோம் என்று கேன்டீன் மேலாளர் சொல்லிவிட்டார்.

"வாணாம்மே," என்றேன்.

"இன்னா வாணாம்? வேலையா, வண்டியா?"

"வண்டி. அந்த ரோட்டுல எவன் எவன் எப்டி ஓட்டுறான்னு உனக்குத் தெரியாது."

"உனக்குத்தான் தெரியுமே, சொல்லு. எவன் ஓட்டுறான்? உன்கூட குந்தி டீ குடிக்கிறவங்கதான?"

அவர்களேதான். மேம்பாலத்தின் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் உருள விடுகிறவன் என் தோஸ்து. இடது பக்கம் முந்துகிறவன் இன்னொருத்தன். எல்லோரும் நல்லவர்கள். வீட்டில் விசேஷம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார்கள்.

என் பயமெல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருந்தது. எங்கள் தெரு திருவொற்றியூரில் சாலையின் கடல் பக்கம் இருக்கிறது. தெருவை விட்டு வெளியே வந்தால் முதலில் இருப்பது தெற்கே துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் கண்டெய்னர் வரிசை. அவள் போக வேண்டியதோ வடக்கே. ஆகவே, அந்த வரிசையில் இரண்டு ட்ரெய்லர்களுக்கு நடுவே புகுந்து, நடுத்தடுப்பில் விட்டிருக்கும் வழியாக அந்தப் பக்கம் போக வேண்டும். வேறு பாதை கிடையாது. எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். சைக்கிளில், நடந்து, மீன் கூடையோடு.

அவள் விடவில்லை. தெருவிலேயே பத்து நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸும் எடுத்துவிட்டாள். கடைசியாக நான் ஒரு யோசனை செய்தேன். சொன்னால் கேட்க மாட்டாள், கண்ணால் பார்த்தால் பயப்படுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிகளை நிறுத்தி வைக்கும் மைதானத்துக்கு அவளைக் கூட்டிப்போய், என் ட்ரெய்லரின் டிரைவர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தேன். சாவி என் பையில். நான் அவளுடைய ஸ்கூட்டரில் ஏறி, வண்டியின் மூக்குக்கு நேர் கீழே, பம்பரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் குறுக்காக நின்றேன்.

"நா தெரியுறனா?" என்று கத்தினேன்.

"எங்க கீற நீ?"

"முன்னால!"

"முன்னால ஒரு நாய் படுத்துகினு கீது. வேற யாரும் இல்ல."

நாய் முப்பதடி தள்ளி இருந்தது. நான் கையைத் தூக்கினேன்.

"இப்ப?"

"தெர்ல."

தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து உயரத் தூக்கினேன்.

"ஒரு பாட்டில் மூடி தெரியுது," என்றாள். "யோவ், நெஜமாவே அங்கதான் கீறியா?"

இடது பக்கக் கதவோரம் போய் நின்றேன். அங்கேயும் நான் இல்லை. கதவை ஒட்டித் தொட்டுக்கொண்டு நிற்கிறேன், உள்ளே வலது ஓரத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு நான் இல்லை! எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இது தெரிந்த விஷயம்தான். ஆனால் இல்லாமல் போன ஆளாக நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் இறங்கி வந்தாள். முகத்தில் பயம் இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்போதுதான் கேட்டாள்.

"சரி. நீ லைன்ல நிக்கிற. உன் மூக்குக்குக் கீய ஒருத்தர் இந்த மாதிரி வந்தா, உனக்கு எப்டித் தெரியும்?"

"தெரியும்."

"எப்டி?"

"அனுபவம்தான்."

"அனுபவத்துக்குக் கண்ணு எங்க கீது?"

நான் சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை. இடது பக்கக் கதவின் அடித் தகட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். டொம் டொம் என்றது. பிறகு ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அவள் கேட்டது எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வரிசை என்பது என்ன என்று வெளியாட்களுக்குத் தெரியாது. இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். முன்வண்டி நகர்ந்தால் நீ உடனே நகர வேண்டும். ஒரு வண்டி நீளத்துக்கு இடம் விட்டாயோ, சந்திலிருந்து எவனாவது மூக்கை நுழைத்துவிடுவான்; பின்னால் நிற்கிற அத்தனை பேரும் உன்னைத்தான் திட்டுவார்கள். அதனால் எல்லோருடைய கண்ணும் முன்வண்டியின் பின்கதவில் இருக்கும். அதன் பிரேக் விளக்கு அணைந்ததும் கை தானாகவே கியருக்குப் போகும். போகிற வேகம் என்ன? ஆள் நடக்கிற வேகம். அதை நாங்கள் யாரும் ஓட்டுவதாகவே கணக்கில் வைப்பதில்லை. வரிசையில்தான் நாஸ்டா சாப்பிடுவோம். வரிசையில்தான் வீட்டுக்குப் போன் பண்ணுவோம். போனில் படம் ஓடிக்கொண்டிருக்கும். நானும்தான்! முப்பத்தைந்தைத் தாண்டினால் நெஞ்சு படபடக்கும் எனக்கு, வரிசையில் நின்றால் படபடப்பே இருக்காது. என் பயத்தையெல்லாம் வேகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நிம்மதியாக இட்லி தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

இருந்தாலும் இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வாதத்தில் தோற்றுப்போவேன். "ஒரு மாசம் ஓட்டு. அதுக்குள்ள சின்னதா ஏதாவது ஆனாக்கூட வேலைய வுட்டுடணும்," என்றேன். "நீ வாயத் தொறந்தாலே அபசகுனம்," என்றாள். காலையில் போய்ச் சேர்ந்ததும் போனில் ஒரு செய்தி போட வேண்டும் என்று மட்டும் ஒப்புக்கொண்டாள். ஏழு அடிக்கும் முன் அது வரும். அது வரும்வரை நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். வரிசை ஓரத்து டீக்கடையில் நின்றிருந்தோம். எனக்குப் பின்வண்டிக்காரன், நியூட்ரலில் உருட்டுகிறானே அவன்தான், கிளாஸை வைத்துவிட்டு ஆரம்பித்தான்.

"மாமு, காலைல ஒரு பேஜாரு. ஒரு அக்கா ஸ்கூட்டில வருது. நேரா வந்து என் இட்து கதவத் தட்டுது பாரு, டம்மு டம்முனு. எவனோ இட்ச்சிட்டான்னு நென்ச்சேன். இந்த சீட்லேர்ந்து அந்த சீட்டுக்கு ஏறி எட்டிப் பாத்தா, 'டிரைவரே, பாத்தியா?'ன்னுது."

"இன்னாத்த?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"அத்ததான் நானும் கேட்டேன். 'என்னியப் பாத்தியா'ன்னுது. பாத்துட்டேன் போக்கான்னேன். 'கையக் காட்டு'ன்னுது! போலீஸ்காரன்கூட இப்டிக் கேட்டதில்லப்பா. கையக் காட்டினதுக்கு அப்பால முன்னால பூந்து போவுது. கஸ்மாலம், அதுக்குள்ள ஒரு டிப்பர்காரன் கேப்புல நொயஞ்சிட்டான்."

"பச்சை ஹெல்மெட்டா?" என்றான் மற்றவன். "என் கதவயும் தட்டிச்சு. நேத்து இன்னும் மூணு பொம்பளைங்க அத்தப் பாத்து தட்டிகினு போறாங்க. இனிமே கதவுக்கு காலிங் பெல்லு வெக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பச்சை ஹெல்மெட்டை வாங்கிக் கொடுத்தது நான்தான். தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று மூன்று கடை ஏறி இறங்கி வாங்கியது. டீ சூடாக இருக்கிற மாதிரி ஊதி ஊதிக் குடித்தேன்.

வீட்டுக்குப் போய், "ஊரே உன்னப் பத்திப் பேசுது" என்றேன்.

"திட்டுறாங்களா?"

"திட்டுறாங்க."

"அப்ப பாத்துட்டாங்கன்னு அர்த்தம்," என்று சொல்லிவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அப்போதும்கூட நான் மாத முடிவுக்காகத்தான் காத்திருந்தேன். அவள் வேலையை விட்டுவிட்டால் அந்த ஏழு மணிச் செய்திக்காகப் பல்லைக் கடிக்க வேண்டியதில்லை. என் வண்டி அவளுக்கு அடையாளம் தெரியும்; பார்த்தால் நான் பதறுவேன் என்று அவள் எனக்கு முன்னால் குறுக்கே வந்ததேயில்லை; வேறு வண்டிகளுக்கு நடுவேதான் போவாள். அவளுடைய ஆபத்து மற்றவர்கள்தான் என்று எனக்கு அவ்வளவு உறுதியாக இருந்தது.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது என் வண்டி தகுதிச் சான்றிதழுக்காக வொர்க்ஷாப் போய்விட்டது. ஆபீசில் வேறொரு வண்டியைக் கொடுத்தார்கள். அதே நிறம், வேறு நம்பர். காலை ஆறரை இருக்கும், எங்கள் தெரு முனைக்குச் சற்று முன்னால் வரிசையில் நிற்கிறேன். மடியில் இட்லிப் பொட்டலம். ஆபீசிலிருந்து போன்; கண்டெய்னரின் சீல் நம்பரைப் படித்துச் சொல்லச் சொன்னார்கள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, காகிதத்தை எடுத்துப் படித்தேன். ஓரக்கண்ணில் முன்வண்டியின் விளக்கு அணைவது தெரிந்தது. கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டேன். கை ஹேண்ட்பிரேக்கை விடுவித்தது. புஸ்ஸென்று காற்று போனது.

டம் டம் என்று இடது கதவில் அடி விழுந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சீல் நம்பரைப் பாதியில் விட்டுவிட்டு ஹேண்ட்பிரேக்கை மறுபடி போட்டு, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பக்கத்து சீட்டில் முழங்காலை ஊன்றி எட்டிப் பார்த்தேன். கீழே பச்சை ஹெல்மெட். ஸ்கூட்டரின் முன்சக்கரம் என் பம்பரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தட்டுவதற்காக அவள் அங்கே நின்றிருக்காவிட்டால், எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் போகிற மாதிரி நேராகப் போயிருந்தால், அந்த நேரத்தில் எங்கே இருந்திருப்பாள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கியபடியே ஆரம்பித்துவிட்டாள். "டிரைவரே, பாத்தி..."

என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போனில் ஆபீஸ்காரர், "அப்புறம்? கடைசி மூணு நம்பர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தியா?" என்றாள். வேற்று டிரைவரிடம் கேட்கிற அதே குரல்.

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யென்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

"பாக்கல," என்றேன்.

"வண்டிய எடுத்துட்டியா?"

"பிரேக்க வுட்டுட்டேன்."

ஹாண்டில்பாரைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகுவதைப் பார்த்தேன். பின்னால் ஹாரன் ஆரம்பித்துவிட்டது. ஒன்று, இரண்டு, அப்புறம் வரிசை முழுக்க.

"இப்ப பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"கையக் காட்டு."

கையைக் காட்டினேன். அவள் மெதுவாக என் வண்டியின் மூக்குக்குக் கீழே போய் மறைந்தாள். நான் சீட்டில் உட்காராமல், ஸ்டியரிங்குக்கு மேல் கவிழ்ந்து, கண்ணாடியில் நெற்றி முட்ட எட்டிப் பார்த்தேன். பச்சை ஹெல்மெட் வலது ஓரத்தில் வெளியே வந்து, நடுத்தடுப்பின் வழியைக் கடந்து, வடக்கே திரும்பிப் போனது. அதுவரைக்கும் வண்டியை எடுக்கவில்லை. அதற்குள் சந்திலிருந்து ஒருத்தன் முன்னால் நுழைந்துவிட்டான். நுழையட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆபீஸ்காரருக்கு மிச்ச நம்பரைச் சொல்லி வைத்ததும் போன் மறுபடி அடித்தது. பின்வண்டிக்காரன்.

"இன்னா மாமு, உன்னியும் தட்டிச்சா அந்த அக்கா? நீயே ஊர்வலம், உனக்கு எதுக்கு அது?"

"அது என் வூட்டுக்காரி."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பாட்டை அவன் நிறுத்தினான்.

"நைனா, மன்ச்சிக்க. அன்னிக்கு நா கஸ்மாலம்னு..."

"கேட்டுகினுதான இருந்தேன்."

"டிப்பர்காரனதான் சொன்னேன்!"

"சரி சரி. உன் மூக்குக்குக் கீய பாத்துட்டு எடு," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏழுக்குள் அவளுடைய செய்தி வந்தது. வழக்கம்போல ஒரே வார்த்தைதான். அன்றைக்கு அதைப் பத்து தரம் படித்தேன். மறுநாளிலிருந்து வரிசையில் போனை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறேன். ஒவ்வொரு தடவை நகரும் முன்பும் சீட்டை விட்டு எழுந்து, முன்னாலும் இடது பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிரேக்கை விடுகிறேன். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இருக்கும். இடுப்பு வலிக்கிறது. இரண்டு மூன்று வண்டி எனக்கு முன்னால் நுழைகிறது. ஆனால் ஒன்றில் எனக்கு ஒரு துளிச் சந்தேகமும் இல்லை. அந்தச் செங்கல் மைதானத்தில் அளந்ததில் இருந்த சந்தேகம்கூட இல்லை. வரிசையில் நகர்வதும் ஓட்டுவதுதான்.

என் கதவைத் தட்டிய அன்றைக்குச் சாயங்காலம் அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

"மேலாளர் எப்பக் கேக்குறாரு?" என்றேன்.

"எத்த?"

"வேலைக்கு வருவியா மாட்டியான்னு. மாசம் முடியப் போவுதே."

"நீ இன்னா சொல்ற?"

"வர்றேன்னு சொல்லு."

அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள். "நா வண்டி எடுத்த மொத நாளே சொல்லிட்டேன்யா," என்றாள்.